ம் கொட்டும் வீடு

மகளை விமானம் ஏற்றிவிட்ட அடுத்த வாரமே பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தப் பழைய ஒற்றை அறைக்கு வந்தேன். அவள் வெளிநாட்டில் படித்து முடிக்கிற வரைக்கும் எனக்கு இது போதும். ஒரு தையல் மெஷின், ஒரு கட்டில், ஒரு அடுப்பு. எனக்கு அரண்மனையா கேட்கிறது?

"தனியாவா இருக்கப் போறீங்க?" என்று சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரம்மா கேட்டார்.

"ஆமாங்க."

அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. மத்தியானம் ஆனால் மகளுக்குப் போன் போடுவேன். அங்கே அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். போனை மெஷின் பலகையில் வைத்துவிட்டு, பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டே பேசுவேன். பித்தான் கடைக்காரன் தலையில் கட்டிய மட்டமான பித்தான், என் முதுகுவலி, எல்லாம். அவள் பல் தேய்த்துக்கொண்டே "ம்... ம்..." என்பாள்.

"கேக்கறியாடி, இல்ல சும்மா ம் கொட்டறியா?"

"ம்."

கழுதை. ஆனால் அந்த ஒரு எழுத்தைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம். வானம் இருட்டிக் கிடந்தது. சுவரிலிருந்து ஈர வாடை வந்தது. அரை மணி நேரமாவது பேசியிருப்பேன். கத்திரிக்கோலை எடுக்கக் கை நீட்டியபோதுதான் பார்த்தேன்.

போன் அணைந்திருந்தது. எப்போதோ சார்ஜ் தீர்ந்து, சில்லென்று கிடந்தது.

"அடக் கடவுளே, அப்ப இவ்வளவு நேரம் எனக்கு ம் கொட்டினது யாரு?" என்று வாய்விட்டே கேட்டேன்.

"ம்."

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வந்தது.

வெளியே ஓடினேன். மழையில் தொப்பலாக நனைந்து நின்றேன். அப்புறம்? எனக்குப் போக்கிடம் ஏது? திரும்ப உள்ளேதான் வந்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாலாம் நாள் நானே அதனிடம் பேச்சுக் கொடுத்தேன். மகளுக்குப் பரீட்சை, பேச நேரமில்லை என்றுவிட்டாள். இதற்கு நேரம் இருந்தது. மெஷின் ஓடுகிற வரைக்கும் அலுக்காமல் ம் கொட்டியது. மகளிடம் சொல்லாமல் மறைத்ததையெல்லாம் இதனிடம் கொட்டினேன். ஒருநாள் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன்.

"அவ இங்கயே இருந்திருக்கலாம். என்னால தனியா முடியல."

அன்று ம் வரவில்லை.

எதுவோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பதுபோல் இருந்தது.

ரெண்டு நாள் கழித்து மகள் அழைத்தாள். அழுது அழுது மூக்கடைத்த குரல்.

"அம்மா, டிக்கெட் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை வந்துடுவேன்."

"என்னடி உளர்றே? இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கே!"

"நேத்து போன்ல கேட்டேனேம்மா. ரெண்டு பரீட்சை போச்சு, எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடவான்னு. நீதானே ம்னு சொன்னே?"

நேற்று முழுக்க நான் போனைத் தொடவே இல்லை.

வந்தால் இந்த அறைக்குத்தான் வருவாள். இந்தக் கட்டிலில்தான் படுப்பாள். அதே சமயம், பாழாய்ப்போன மனசு அவளைக் கேட்டது. ஒரே ஒருநாள் அவள் முகத்தைப் பார்த்தால் போதும் என்று அடித்துக்கொண்டது. அதை அப்படியே விழுங்கினேன்.

"வராதே," என்றேன். "அந்த ம் நான் சொல்லல. போனா போகுது, ரெண்டையும் திரும்ப எழுது. எனக்கு ஒரு குறையும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். இந்த வீட்டுக்கு மட்டும் வராதே, கண்ணு. வராதே."



"அம்மா..." என்றாள் மெல்ல. "உன் குரல் ரெண்டா கேக்குது. வான்னும் வராதேன்னும் ஒரே நேரத்துல எப்படிம்மா சொல்றே?"