வளராத தட்டு

ஆய்வுக்கூடத்தில் தேங்காய் வாசனை அடித்தது. செழிப்பாக வளர்ந்த நல்ல பூஞ்சைக்கு அந்த வாசனை உண்டு, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று அவள் எதையும் வளர்க்கவில்லை. அலமாரியில் இருந்தது ஒரே ஒரு சோதனைத் தட்டு. அதுவும் மூன்று மாதமாக மொட்டையாகக் கிடந்த தட்டு.

பீன்ஸ் செடியின் வேரழுகலைத் தடுக்கும் பச்சைப் பூஞ்சைத் தூளைத் தயாரிப்பது அவள் வேலை. மூன்று மாதத்துக்கு முன் தூள் மூட்டைகளைப் பூட்டிய வண்டிக்குள் ஒரு பகல் முழுக்க வெயிலில் மறந்து விட்டுவிட்டாள். பூஞ்சை வெந்து செத்தது. தட்டில் தூவிப் பார்த்தாள், ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. பேர் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு பொட்டலம் கட்டினாள். முதலில் வாங்கிப்போனவன், வேறு யார், சொந்த அண்ணன். விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி, தங்கச்சி சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தான். பாதி வயல் வேரழுகிச் சாய்ந்தது.

அன்று மத்தியானம் வந்தவன், வாடிய செடி ஒன்றை மேசையில் போட்டான்.

“தூள் மேல குத்தமில்ல பாப்பா. என் கைராசிதான் தெரியுமே, பிளாஸ்டிக் செடி வெச்சாக்கூடப் பட்டுப்போகும்” என்று சிரித்தான். “மிச்சப் பாதிக்கும் அதே தூளைக் குடு. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன். இதுவும் போச்சுன்னா நிலத்தை வித்துட வேண்டியதுதான்.”

“சரிண்ணா” என்றாள். சொன்ன பிறகு அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. வெட்கமாக இருந்தது, செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதே மூட்டையைத்தான் பிரித்தாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது, குளிர்பெட்டியின் முனகலுக்குள் இன்னொரு சத்தம், கண்ணாடி மூடி மெல்ல நகர்வது போன்ற சத்தம், அவளுக்குப் பின்னால் விட்டுவிட்டுக் கேட்டது. திரும்பினாள். தட்டின் மூடி விலகியிருந்தது. வெள்ளை நூல் ஒன்று விளிம்பைத் தாண்டி, அலமாரியிலிருந்து இறங்கி, மேசைக்கு வந்திருந்தது. அண்ணன் போட்டுப்போன அழுகிய வேரைத் தொட்டது. வேண்டாம் என்பதுபோல ஒதுங்கியது. அவள் பக்கம் நீண்டது.

பயிற்சி வகுப்பில் அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! “அழுகல் எங்க இருக்குன்னு இதுக்குத் தெரியும். தேடிப் போகும். சுத்திக்கும். உள்ள போய்த் தின்னும்.”

குழாயடிக்கு ஓடினாள். கையைத் தேய்த்தாள். நகக்கண்களில் பச்சை. போகவில்லை. வாசனை கூடியது. வாயைப் பொத்தினாள். இன்னும் கூடியது.

வாசனை அறையில் இல்லை. அவள் மூச்சில்.

வாசலில் அண்ணனின் வண்டி நின்றது. சொல்லிவிட வேண்டும். இப்போதாவது. திறந்து கிடந்த பொட்டலங்கள் மேல் குனிந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். நாக்கு அசையவில்லை. நூல் நூலாக அண்ணத்தோடு கட்டியிருந்தது.

“என்ன பாப்பா, இருட்டுல நிக்கற?” அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கை நீட்டிப் பொட்டலங்களை எடுத்து மடித்தான். மூக்கருகே பிடித்துப் பார்த்தான். “அட! போன தடவை இந்த வாசனையே இல்லையே. இந்தத் தடவை கண்டிப்பாப் புடிச்சுக்கும்.”

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அவள் திரும்பவில்லை. திறந்த வாயிலிருந்து பச்சைத் தூள் மேசை மேல் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.