ஆற்றங்கரையில் ஒரு விசில்

அலறிவிட்டாள் வெர்னா.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொலைகாரனின் தங்கைக்கு இந்த ஊரில் அவ்வளவுதான் மரியாதை.

வெர்னா கோழி ஆலைத் தொழிலாளி. குறைந்த கூலிக்காரர்களுக்கு அரசு தரும் வரிச்சலுகைப் பணத்தைக் கேட்க வந்தவள். அது கிடைத்தால்தான் அண்ணன் ஹோபர்ட்டுக்கு வக்கீல். அவன் சிறையில்... அவள் கணவன் டார்விலைக் கொன்று ஆற்றில் தள்ளியதாக வழக்கு. இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. ரத்தக்கறையுடன் டார்விலின் வண்டி கிடைத்தது. உடல் கிடைக்கவில்லை.

இலவசமாக விண்ணப்பம் போட்டுத்தரும் இடெல்லா, கம்ப்யூட்டர் திரையை மறுபடி படித்தாள்.

"அதான் கண்ணு. உன் பொண்ணைக் காட்டி யாரோ ஏற்கெனவே சலுகை கேட்டிருக்காங்க. அவளோட அரசு அடையாள நம்பர் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் எம் புருஷனுக்கும்தான்க்கா." வெர்னா முன்னால் குனிந்தாள். "தினம் இருட்டுறப்போ ஆத்தங்கரையில அவர் விசில் கேக்குது. பொண்ணு டான்சி, 'அப்பா கூப்பிடுறார்'ங்கறா. பேயா அலையுறார்க்கா..."

இடெல்லா மனதுக்குள் ஜெபித்தாள். சூடான பீன்ஸ் கிண்ணத்தை அவள் முன் நகர்த்தினாள்.

"முதல்ல சாப்பிடு. பேய் விசிலடிக்கும்மா. விண்ணப்பம் போடாது."

ஆற்றின் அக்கரையில், பக்கத்து மாவட்டத்தில் இதே சேவை செய்யும் தங்கை ஓபலுக்குப் போன் போட்டாள்.

"ஓபல், டான்சின்னு ஒரு குழந்தையைக் காட்டி..."

"மூச்... வந்தவங்க விஷயத்தை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

வெர்னா இடெல்லாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள்.

"சரி, சொல்லாத. காப்பில உப்புப் போட்டுக் குடிக்கிறவன் எவனாச்சும் வந்தானா?"

ஓபல் குரலைத் தாழ்த்தினாள்.

"...ஒல்லியா இருந்தான்க்கா. பாவமேன்னு ஆப்பிள் பை பலகாரம் கட்டிக் குடுத்தேன்."

அன்று மாலை. வெர்னாவின் வீட்டோரம் ஆற்றில் பனி இறங்கியது.

விசில்...

வெர்னா டான்சியை அணைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். வேலிக்கு வெளியே ஓர் உருவம். இடெல்லா வரவழைத்திருந்த மாவட்டப் போலீஸ் அதிகாரி ஷெரீஃப்பின் டார்ச் புதருக்குள்ளிருந்து பாய்ந்தது.

டார்வில்! உயிரோடு!

"கடன்காரங்க தொல்லை சார்... செத்துட்டா விட்டுருவாங்கன்னு நானே கையைக் கீறி ரத்தத்தைத் தெளிச்சேன். மச்சான் மாட்டுவான்னு நெனைக்கல. பொண்ணைப் பாக்காம இருக்க முடியல..."

"ஹோபர்ட் உள்ள கெடந்தது தெரியும்ல?"

ஆமாம் என்று தலையசைத்தான் டார்வில்.

வெர்னா அவனை அடிக்கவில்லை. "எங்கண்ணன் முகத்தைப் பாத்து இதைச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

"ஆத்துக்கு அந்தப்பக்கம் வேற பேர்ல வாழ்ந்த. சலுகையை மட்டும் ஏன்யா சொந்தப் பேர்ல கேட்ட?" என்றார் ஷெரீஃப்.

"பொய் நம்பருக்குத் தரமாட்டாங்களே சார்."

ஷெரீஃப் விலங்கைப் பூட்டினார்.

"செத்தும் கொடுத்தவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். செத்தும் கேட்டவன் நீ ஒருத்தன்தான்யா."