வடக்குச் சுவரோரம் நின்றவன்

சாட்சிக்கு நின்றவர்கள் இவர்கள்: கோட்டை முற்றத்து மரவீட்டின் கிழக்குச் சுவரோரம் பாதிரியார் ஓட்வின். மேற்கில் பக்கத்துக் கோட்டைக்காரர் எக்கார்ட், தன் நாயோடு. தெற்கில் வாசல் காவலன் ஹைனோ. வெயிலே படாத வடக்கில் டீட்மார். வீட்டுக்குள் பிரசவ வலியோடு லுக்கார்டிஸ், செத்துப்போன கெப்ஹார்ட் பிரபுவின் மனைவி. அவளோடு மருத்துவச்சி மெட்ஸா.

டீட்மார் கெப்ஹார்டின் தம்பி. அண்ணனின் பழைய குதிரை, பழைய சட்டை, பழைய செருப்பு என்று கழித்துப் போட்டதிலேயே முப்பத்தெட்டு வயது ஆனவன். அண்ணன் செத்த முப்பதாம் நாள், வழக்கப்படி கோட்டையை எடுத்துக்கொள்ள வந்தான். பெரிய மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியை இழுத்தான். லுக்கார்டிஸ் வயிற்றின்மேல் கையை வைத்துக் காட்டினாள்.

அன்றிலிருந்து ஏழு மாதம், காவல் அறையில் ஹைனோவின் குறட்டையோடு படுக்கை.

சட்டம் இதுதான். பிறக்கிற குழந்தை ஒரு முறையாவது அழ வேண்டும். அது நான்கு சுவர்களுக்கும் கேட்டதாக, சுவருக்கு ஓர் ஆள் சத்தியம் செய்ய வேண்டும். அழுத மறுநிமிடமே செத்தாலும் கோட்டை குழந்தையுடையது, அதன் வழியாகத் தாயுடையது. நால்வரில் ஒருவனுக்குக் கேட்கவில்லை என்றாலும் டீட்மாருடையது. அதனால்தான் ஒரு சுவரில் தானே நிற்பேன் என்று அடம்பிடித்து நின்றான்.

“கேட்டாலும் கேக்கலம்பே. அதானே?” எக்கார்ட் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“உங்க காது கேக்குதான்னு முதல்ல பாருங்க, பெரியவரே.”

“என் காதுக்கு என்னடா? உன் வயிறு உறுமுறது இங்க வரைக்கும் கேக்குது.”

நவம்பர்ப் பிற்பகல். பனிமூட்டம் கூரையைத் தின்றுகொண்டிருந்தது. ஈர வைக்கோல் நாற்றம். பலகை இடுக்கு வழியாக ரத்த வாடை. உள்ளே லுக்கார்டிஸ் அலறினாள், அலறினாள், சட்டென்று நின்றாள்.

அப்புறம் ஒன்றுமில்லை. நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை.

அப்போது கேட்டது.

மெல்லிய, ஈரமான அழுகை.

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து அல்ல. பலகைக்குள்ளிருந்து. டீட்மார் தோள் சாய்த்திருந்த இடத்திலிருந்து.

கதவு திறந்தது. மெட்ஸாவுக்கு முழங்கை வரை சிவப்பு. “பையன். வயித்துக்குள்ளயே உசிரு போயிருக்கு. ரெண்டு நாள் ஆச்சு.”

பாதிரியார் சத்தியம் செய்யப் புனிதப் பெட்டியை நீட்டினார். தனக்குக் கேட்கவில்லை என்று அவரே முதலில் சொன்னார். எக்கார்ட் தொப்பியைக் கழற்றி, “இல்ல” என்றார். ஹைனோவும் இல்லை என்றான்.

டீட்மார் பெட்டிமேல் கை வைத்தான். ஏழு மாதமாக ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தான். இப்போது அது யாருக்கும் தேவைப்படவில்லை. இருந்தும் சொல்ல வேண்டியிருந்தது.

“கேக்கல!”

“ஏன்டா கத்துறே?” என்றார் எக்கார்ட்.

அழுகைக்கு மேலே தன் குரல் எழ வேண்டும் என்றுதான் கத்தினான்.

அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பன்றிக்கறி வந்தது. பீர் வந்தது. மேசைப் பலகைக்கு அடியிலிருந்து அழுகையும் வந்தது, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி.

“யாராவது அதை அடக்குங்க!”

“எதை, பிரபு?” என்றான் பரிமாறியவன்.

வாழ்நாளெல்லாம் காத்திருந்து வாங்கிய முதல் சாப்பாடு. ஒரு வாய்கூட இறங்கவில்லை. தட்டைச் சுவரில் எறிந்தான்.

பிணம் போனால் அந்த அழுகையும் போகும். விடிந்ததும் அண்ணிக்கு வண்டி பூட்டச் சொன்னான்.

“ஆறு வாரம் படுக்க வேண்டிய உடம்பு இது,” என்றாள் மெட்ஸா.

“என் வீட்டுல இல்ல.”

லுக்கார்டிஸ் வண்டியில் கிடந்தாள். மடியில் துணிமூட்டை.

“கொழுந்தனாரே.” குரல் எழும்பவில்லை. “அவன் தலை உங்க பக்கம்தான் இருந்துச்சு. அழுதானா? உயிரோட பொறந்தான்னு ஒருத்தர் சொன்னாக்கூடப் போதும், கோயில் மண்ணுல பொதைக்க இடம் தர்றேன்னார் ஓட்வின் சாமி. கோட்டை எனக்கு வேணாம்.”

மூட்டை அசையவில்லை. அழுகை மட்டும் காதைக் கிழித்தது. ஒரு சொல் சொன்னால் பொய்ச் சத்தியம் என்று நாளைக்கே வழக்கு வரும். மறுபடியும் காவல் அறை, மறுபடியும் குறட்டை.

“கேக்கல, அண்ணி. கெளம்புங்க.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் துணியை இழுத்து மூடினாள்.

வண்டி வாசலைத் தாண்டியது.

அழுகை நின்றது.

டீட்மார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். பெரிய கதவை ஹைனோ இழுத்துச் சாத்தினான். மூன்று தாழ்ப்பாள்களும் விழுந்தன.

ஹைனோ திரும்பவில்லை. கதவைப் பார்த்தபடியே நின்றான்.

“பிரபு.”

“என்னடா?”

“இப்ப எனக்கும் கேக்குது.”

டீட்மாரின் கழுத்துக்குப் பின்னால் ஏதோ சூடாக மூச்சு விட்டது. பால் புளித்த வாசம்.

ஹைனோ பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, குனிந்து, வெளியே பாய்ந்தான். சாத்தினான். அந்த அவசரத்திலும் நின்று, வெளிப்பக்கமிருந்து சாவியைப் போட்டு இரண்டு முறை திருப்பினான்.