அகலத்திரையில் தொகுஜி

புதுத் திரையில் தொகுஜியின் முகம் சதை போட்டிருந்தது. அவர் மனைவி சுமியே முதலில் பார்த்தது அதைத்தான். வட்டமான விமானக் கருவிகள் எல்லாம் முட்டையாகப் பிதுங்கி நிற்பது பிறகுதான் அவள் கண்ணில் பட்டது.

தொகுஜி செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. குஷிரோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், உடம்பிலும் அந்தப் பாரந்தூக்கிக்குச் சளைத்தவர் இல்லை. வேலை முடிந்து வந்தால் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, விளையாட்டில் விமானம் ஓட்டுவார். பக்கத்தில் மனைவி உட்கார்ந்தே ஆக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. "ஓய், தள்ளு" என்று இடுப்பால் ஒரு இடி இடிப்பார், சுமியே பாதி காற்றில் தொங்குவாள். வயிற்றில் கட்டி வந்து அவர் மெலிய மெலிய, பெஞ்சில் இடம் கூடிக்கொண்டே போனது. அந்த இடத்தைப் பார்த்துத்தான் அவள் அதிகம் அழுதிருக்கிறாள்.

கடைசி வசந்தத்தில், காட்சிக்கு நிறுத்தியிருந்த ஒரு பழைய விமானத்துக்குள் மூச்சு வாங்க ஏறி, விமானிக்கு முன்னால் இருக்கும் கருவிப் பலகையைப் படம் பிடித்து வந்தார். அதன் மேல் ஆடும் முட்களையும் எரியும் விளக்குகளையும் பொருத்தி, கம்ப்யூட்டரிலேயே தனக்கென்று ஒரு விமானி அறை செய்துகொண்டார். வலது ஓரத்துக் கடிகாரம் மட்டும் வெறும் படம், ஓடாது. அதன் கண்ணாடியில் படம் எடுத்தவரின் முகம் நகம் அளவுக்கு விழுந்திருந்தது. ஒட்டிய கன்னம், குழிந்த கண். அழித்துவிடச் சொன்னாள்.

"ஏன், ஓட்டுறவனுக்கு மூஞ்சி வேணாமா?" என்று சிரித்தார்.

அந்தப் படம் பழைய சதுரத் திரைக்காகச் செய்தது. பழையது போன மாதம் புகைந்து போனது. கடையில் இப்போது அகலத் திரைதான் கிடைக்கிறது. அந்த அகலத்தை நிரப்பப் படம் பக்கவாட்டில் இழுபட, கன்னம் உப்பி, கல்யாணத்தன்று இருந்த முகம் திரும்பி வந்துவிட்டது. கஞ்சி காய்ச்சிக் காய்ச்சி, இரண்டு கரண்டிக்கு மேல் அவருக்கு இறங்காமல், மிச்சத்தைக் கொட்டிவிட்டு அடுப்படியில் நின்று அழுதவள் சுமியே. இப்போது யாரோ அவருக்கு வயிறாரச் சோறு போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

அதன் பிறகு பிற்பகல்கள் எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் போயின. கோடை முழுக்க ஊரை மூடும் கடல்பனி ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கூரையைக்கூட விழுங்கிவிட, துறைமுகத்துச் சங்கு விட்டுவிட்டு முனக, கீழே பூஜை மாடத்தில் ஏற்றிய ஊதுபத்தி வாடையும் மீன் ஆலையின் வாடையும் ஒன்றாய்க் கலந்து படியேறி வர, அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முகம் நேற்றைவிட இன்று இன்னும் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும். கண்ணின் கோளாறு என்று நினைத்துக்கொள்வாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்கியது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொரிவாகி வந்தான். முடிதிருத்தும் கடைக்காரன், தொகுஜியோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் பறந்தவன்.

"அக்கா! என்ன இது, பாதியா போயிட்டீங்க?"

"வயசாச்சுல்ல."

"வயசானா சுருக்கம் விழும். ஆளே காணாமப் போறதாவது?"

மாடிக்கு வந்து திரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான். "ஐயையோ, முட்டைக்கடை மாதிரி இருக்கே! அண்ணன் இதப் பார்த்தா என்னை உதைப்பாரு."

"அப்படியே விடு மொரிவாகி. எனக்கு இது போதும்."

"அவர் ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்துப் பார்த்துச் செஞ்சாரு அக்கா. படம் அதே படம்தான், அகலம் மட்டும் சும்மா வருமா? எங்கேருந்தாவது எடுத்தாகணும். ரெண்டு ஓரத்துலயும் தகரம் மாதிரி கொஞ்சம் வரைஞ்சு ஒட்டிட்டு, நடுவுல உள்ளதப் பழைய அளவுக்குக் கொண்டு வந்துடுறேன்."

அவர் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான். அவனுக்குப் பெஞ்சில் இடம் விட்டாள். கீழே போய்த் தேநீர் போட்டாள். மேலே அவன் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் மறுபடி மெலிகிறார், மறுபடி சாகிறார் என்று நினைத்தாள். இடுப்பில் கட்டிய சமையல் துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தேநீரோடு போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை.

"கடிகாரமும் வட்டமாயிடுச்சா?"

"காசு மாதிரி வட்டம். பாருங்களேன்."

"அப்புறம் பாக்குறேன்."

அவன் போனான். அவன் செருப்புச் சத்தம் பனிக்குள் கரைந்தது. சங்கு முனகியது. மாடி அறையில் விமானத்தின் இரைச்சல் தாழ்ந்து ஓடிக்கொண்டிருந்தது. இருட்டுகிற நேரம் வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு மேலே போய்ப் பெஞ்சில் அமர்ந்து நிமிர்ந்தாள்.

எல்லாம் வட்டம். கடிகாரமும் வட்டம்.

முகம் மெலியவில்லை.

கல்யாண நாளைவிட உப்பியிருந்தது. கண்ணாடியின் விளிம்பு வரை கன்னம். ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. இளைக்கவில்லை, அவர் இளைக்கவே இல்லை.

அப்புறம்தான் வாடை. ஊதுபத்தி இல்லை. கஞ்சி. சூடான கஞ்சி.

விரலிலிருந்து மோதிரம் நழுவியது. தரையில் உருண்டது. நின்றது.

தன் கன்னத்தைத் தொடப் போனாள். கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் கை காற்றில் போனது.

திரைக்குள் விமானம் இருண்ட மேகத்துக்குள் நுழைந்தது. கறுத்த திரைக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். நெற்றி. மூக்கு. வாய். அவ்வளவுதான். இரு பக்கமும் ஒன்றும் இல்லை. ஒரு கை அகலத்துக்கு மேல் அவள் இல்லை.

அகலம் சும்மா வராது.

பெஞ்சு கிறீச்சிட்டது. வலது பக்கம் தாழ்ந்தது.

"ஓய்."

அவள் திரும்பவில்லை.

"தள்ளு."

இடுப்பில் அந்த இடி. பழைய இடி. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. எழுந்து ஓடியிருக்கலாம். கதவு திறந்தேதான் இருந்தது.

தள்ளினாள்.

"இன்னும்."

இன்னும் தள்ளினாள். எலும்பில் எங்கோ மெல்ல ஒரு முறிவு. வலிக்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். குரல் நூலாக வந்தது.

கடிகாரக் கண்ணாடிக்குள் அவர் மென்றுகொண்டிருந்தார்.