ஆரஞ்சுத் தட்டில் ஒரு வாத்து

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பது. அண்ணன் சிறப்பு வகுப்புக்குக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வாலு நாற்காலியின் மேல் ஏறினாள். சுவரில் இரண்டு ஆணிகளின் மேல் உட்கார்ந்திருந்த ஆரஞ்சுத் தட்டைக் கையில் எடுத்தாள்.

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். பள்ளியில் அவளைச் சாது என்றுதான் சொல்வார்கள்.

அது சாப்பிடுகிற தட்டு இல்லை. வீசுகிற பிளாஸ்டிக் தட்டு. ஏரிக்கரைப் பூங்காவில் ஒன்பது கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் இரும்புக் கூடை. அதன் மேல் சங்கிலிகள் தொங்கும். தூரத்திலிருந்து தட்டை வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சில் கூடைக்குள் விழவைக்க வேண்டும். டிஸ்க் கால்ஃப் என்று பெயர்.

ஒரே வீச்சில் விழுந்துவிட்டால், கூட இருந்தவர்கள் எல்லோரும் அந்தத் தட்டின் அடியில் கையெழுத்துப் போடுவார்கள். அதன்பிறகு அதை யாரும் வீசுவதில்லை.

அண்ணனுக்குப் போன வருடம் நான்காம் கூடையில் அப்படி விழுந்தது. ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். சோறு போடுகிற தட்டுக்குக்கூட இந்த வீட்டில் இவ்வளவு மரியாதை இல்லை என்றாள் அம்மா.

ஐந்தில் ஒன்று கையெழுத்தே இல்லை. ஒரு வாத்து. அலகைத் திறந்து சிரிக்கும் வாத்து. அதை வரைந்தது அண்ணனின் நண்பன் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அவன் வீசினால் தட்டு நேராக ஏரிக்குத்தான் போகும். நீந்தப் பழகுகிற ஆளுக்கு வாத்துதான் கையெழுத்து என்று அவனே சொல்லிக்கொண்டான். இரண்டு மாதத்துக்கு முன் அவன் அப்பாவுக்கு வேலை மாற்றம் வந்தது. குடும்பத்தோடு வெகுதூரம் போய்விட்டான்.

ஏழாம் கூடைக்கு முன்னால் ஏரி உள்ளே வளைந்து வரும். வாலுவின் நீலத் தட்டு அந்தத் தண்ணீரை ஒருநாளும் தாண்டியதில்லை. ஆரஞ்சு தாண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே ஒரு வீச்சு. பிறகு துடைத்து ஆணியில் வைத்துவிட்டால் ஆச்சு.

பூங்காவுக்கு ஓடிப்போய், ஏழாம் கூடையைப் பார்த்து வீசினாள்.

நன்றாகத்தான் போனது. பாதித் தண்ணீரைத் தாண்டியது. வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. தட்டு கடைசியில் இடப்பக்கம் சாயும் என்று அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறான். நாணல் பக்கமாகப் போய் 'ப்ளக்' என்று விழுந்து மூழ்கியது.

 வாலு ஓடவில்லை, நகரவும் இல்லை. எந்த நாணல் என்று பார்த்து வைத்துக்கொண்டாள். நடு முறிந்த நாணல். அதற்கு நேரே கரையில் தன் ஒரு செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு, புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்த தோட்டக்கார அக்காவிடம் போனாள்.

அக்காவிடம் நீளமான வாரி ஒன்று இருந்தது. விழுந்த தட்டுகளை எடுக்கவே வைத்திருந்தார்.

"உன்னோடதா?"

"அண்ணனோடது."

"கேட்டு எடுத்தியா?"

வாலு காலில் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.

"சரிதான். செருப்பு பதில் சொல்லட்டும்னு நிக்கிறியா? வா."

முதலில் ஒரு பச்சைத் தட்டு வந்தது. அடுத்து வேறு யாருடையதோ ஒரு வெள்ளை. ஆறாவது இழுப்பில் ஆரஞ்சு. ஐந்து பேரும் பத்திரமாக இருந்தார்கள். ஆனால் அக்கா கையில் எடுத்துக் கொடுத்ததில் விரல் அளவுக்குக் கறுப்பு எண்ணெய் ஒட்டிக்கொண்டது. வாத்துக்குப் பக்கத்திலேயே.

வீட்டில் அப்பா முன்னறையில் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாலு குளியலறைக்குள் புகுந்தாள். சோப்புக்குக் கறை போகவில்லை. அம்மாவின் நகப்பூச்சை அழிக்கிற மருந்து நினைவுக்கு வந்தது. அதற்கு எது வேண்டுமானாலும் போகும். பஞ்சில் நனைத்து ஒரே ஒரு துடைப்பு.

கறை போனது. வாத்தும் போனது.

பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. அதில் எது எண்ணெய், எது வாத்து என்று தெரியவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவள் தாளும் பேனாவும் எடுத்தாள். அந்த வாத்தை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். முதல் வாத்து கோழி போல வந்தது. இரண்டாவது கொஞ்சம் தேவலை. நான்காவது அப்படியே அதுதான். அதே அலகு, அதே சிரிப்பு. ஒட்டடைக்குச்சியே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பேனாவைத் தட்டின் மேல் கொண்டுபோனாள். அண்ணன் தினமும் அந்த வாத்தைப் பார்ப்பான். ஒட்டடைக்குச்சி வரைந்தது என்று நினைத்துப் பார்ப்பான்.

பேனாவை மூடி வைத்தாள்.

அண்ணன் பதினொரு மணிக்கு வந்தான். அவன் பையை இறக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நாற்காலி, ஏரி, எண்ணெய், மருந்து. தாளில் வரைந்த நான்கு வாத்துகளைக்கூட மறைக்கவில்லை.

அண்ணன் தட்டை வாங்கி, வெறுமையான இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

"கறையோடயே குடுத்திருக்கலாம்ல," என்றான். "கறை இருந்தா எனக்கு என்ன?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பார்சல்ல அனுப்பினா அந்த அண்ணா திரும்ப வரைஞ்சு தருவாங்க, இல்லண்ணா?"

"அன்னைக்கு வரைஞ்சது வேற."

 தட்டைப் பழையபடி ஆணிகளின் மேல் வைத்தான். பிறகு அப்பாவின் போனைக் கொண்டுவந்து நீட்டினான். "நீயே கேளு. நான் கேக்க மாட்டேன்."

மூன்றாவது மணி அடித்ததுமே ஒட்டடைக்குச்சி எடுத்துவிட்டான். அவள் குரலைக் கேட்டதும் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். தன் புதுப் பள்ளியில் எல்லோரும் தன்னை ஏணி என்று கூப்பிடுவதாகச் சொன்னான். ஒட்டடைக்குச்சியே தேவலையாம். அவள் வாய் திறப்பதற்குள் அவனே மேலே பேசிக்கொண்டு போனான்.

"இங்க ஏரியும் இல்ல, கூடையும் இல்ல, வாலு. போரடிச்சா உங்க வீட்டுச் சுவரைத்தான் நினைச்சுப்பேன். நான்தான் அங்க இருக்கேனே. என் வாத்து இன்னும் சிரிச்சுக்கிட்டுதானே இருக்கு?"