ரத்தம் கொடுக்கப் போனவன்

இதில் ஒரு சொல் பொய்யானாலும், எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றிரவே ரொட்டியில் உதிரட்டும்.

பொலிக்ரோனிஸ் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வர்ணம் அடித்தவன். வேலை போய் எட்டு மாதம். அந்த ஜூலைக் காலையில் அவன் மனைவி எவாந்தியா ஏதென்ஸ் ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தாள். அவளுடைய ரத்த வகை லேசில் கிடைக்காது. கட்டியவனுக்கு மட்டும் அதே வகை. பன்னிரண்டு மணிக்குள் அவன் வந்து ரத்தம் கொடுத்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"யோவ், சொந்தக் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் லேட்டா வந்தவன் நீ," என்று போனில் முனகினாள் எவாந்தியா.

"அன்னைக்கு நீ எங்கேயும் ஓடிப்போகல இல்ல? இன்னைக்கும் அப்படியே இரு. கிளம்பிட்டேன்."

நேரம் மிச்சமிருக்கிற ரயில் டிக்கெட்டை இறங்கும்போது அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அன்றும் ஸ்டேஷன் வாசலில் ஒருவன் நீட்டினான். வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அவனோ கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தான்.

"வச்சுக்க தம்பி. நான் இறங்கியாச்சு."

வாங்கிக்கொண்டு ஓடினான் பொலிக்ரோனிஸ்.

ரயில் பெட்டிக்குள் குளிர். அணைந்த மெழுகுவர்த்தியின் வாடை; அதற்கடியில் ஈர மண்ணின் வாடை. பத்துப் பேர் இருப்பார்கள். எல்லோரும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தார்கள். ரயில் தூண்களின் மேல் ஏறி, மாடிவீட்டுக் கொடிகளில் காயும் துணிகளை உரசுவது போல ஓடி, திஸ்ஸியோ ஸ்டேஷனைத் தாண்டியதும் மண்ணுக்குள் இறங்கியது. விளக்குகள் மங்கின.

எதிரே கறுப்பு உடுத்திய கிழவி கையை நீட்டினாள்.

"விறைக்குது ராசா. கொஞ்சம் பிடிச்சுக்கோ."

பிடித்தான். பனிக்கட்டியில் கிடந்த மீனைத் தொட்டது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் கிழவியின் கன்னத்தில் ஒரு சிவப்பு படர்ந்தது.

"அப்பாடா," என்று எழுந்து இடம் விட்டாள்.

அங்கே ஒரு சிப்பாய் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் பின்னால் மற்றவர்கள் வரிசையாக நின்றார்கள்.

எங்கள் ஜனங்கள் வரிசையில் நின்று பொலிக்ரோனிஸ் அதுவரை பார்த்ததில்லை. அப்போதுதான் அவனுக்கு முதுகு சில்லிட்டது.

கையை இழுத்தான்.

வரவில்லை.

விரல் நுனிகள் வெளுத்துக்கொண்டிருந்தன.

"வேணாம்ப்பா. இது என் பொண்டாட்டிக்கு வேணும்."

சிப்பாய் காதருகே குனிந்தான். "எனக்கும்தான் ஒருத்தி காத்துக்கிட்டிருந்தா."

சுரங்கம் முடியவேயில்லை.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகச் சிவந்தார்கள். கடைசியில் ஒரு மீசைக்காரர் அவன் தோளைத் தட்டி, "நல்ல மனசுய்யா உனக்கு," என்றார்.

கதவு திறந்தது. விக்டோரியா ஸ்டேஷன். மணி பதினொன்று இருபது. அவன் வாழ்நாளில் முதல் தடவையாக நேரத்துக்கு வந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அரிஸ்தேயா ஊசியைக் குத்தினாள். குழாயில் எதுவும் ஏறவில்லை. அடுத்த கையில் குத்தினாள். புறங்கையில் குத்தினாள்.

"என்ன ஐயா இது, சுவத்துல குத்துற மாதிரி இருக்கு? காலையில ஏதாவது தின்னீங்களா?"

"எங்கேயாவது கொஞ்சம் இருக்கும்மா. நல்லாத் தேடிப் பாரு," என்று அழுதான் பொலிக்ரோனிஸ்.

தேடினாள். கழுத்தில்கூடக் குத்திப் பார்த்தாள்.

டாக்டர் ஒரு மணிவரை காத்திருந்தார்; கத்தியைத் தொடவில்லை. மூன்று மணிக்கு எவாந்தியா கண்ணை மூடினாள். "அந்த ஆள் வந்துட்டானா?" என்பதுதான் அவள் கடைசியாகக் கேட்டது. வந்துவிட்டான் என்று சொன்னார்கள்.

பொலிக்ரோனிஸ் இன்றும் காபிக் கடையில் என் எதிரே உட்கார்ந்து பகடை உருட்டுகிறான். சவரம் செய்யும்போது கத்தி ஆழமாகவே பட்டாலும் ஒன்றும் வருவதில்லை. வலது மணிக்கட்டில் பல அளவுகளில் விரல் பதிந்த, ஜில்லென்ற குழிகள். கோடையில் அவற்றில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்கிறது.

அன்று ரயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்தம். விடிந்ததிலிருந்து நள்ளிரவுவரை ஏதென்ஸில் ஒரு ரயிலும் ஓடவில்லை.