ஏழாவது விலாசம்

ஆறு பெட்டிகளுக்குத்தான் மசூர் வயர் இழுத்திருந்தான். திரையில் ஏழு பெட்டிகள் பதில் சொல்லின.

ஸ்கேன் கொடுத்துவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுக்கத் திரும்பியவன், திரும்பவும் எண்ணினான். ஒன்று முதல் ஆறு வரை அவன் காலையில் பூட்டியவை. சாய்ந்தமருதுக் கடற்கரையோரத்து மீன் குளிரறைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொத்தான் பெட்டி. உள்ளே யாராவது அகப்பட்டுக்கொண்டால் அதை அழுத்த வேண்டும். அலுவலகத்தில் மணி அடிக்கும். ஏழாவது பெட்டி அவன் மேசையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. ஏழாம் அறைக் கதவை உள்ளிருந்து திறப்பதற்கான புதிய பிடியும் அதன் பக்கத்திலேயே கிடந்தது.

திரை சொன்னது: விலாசம் ஏழு. இருக்கிறது. அழுத்தம்: பூச்சியம். பொத்தானை இதுவரை யாரும் அழுத்தவில்லை என்று அர்த்தம்.

ஸ்கேனை அழித்து மறுபடி ஓடவிட்டான். ஏழு வந்தது. பெட்டிகளைக் கணினியோடு இணைக்கும் தொடர்பு மொட்யூலைக் கழற்றி, ஊதி, திரும்பப் பூட்டினான். ஏழு வந்தது. கம்பிரசரின் இரைச்சல் சுவரின் வழியே முதுகில் இறங்க, அமோனியாவின் மெல்லிய காரமும் பழைய மீன் வாடையும் கலந்த காற்று மேசைக்கு அடியில் கணுக்காலைத் தடவிக்கொண்டு நின்றது. வெளியே வெள்ளிக்கிழமை வெயில் சீமெந்து முற்றத்தை வறுத்துக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்குள் மட்டும் ஏனோ அவனுக்குக் கை விறைத்தது.

ஏழாம் அறை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதில்தான் ஸஜாத் செத்துப்போனான். மசூரின் மனைவி சுல்பிகாவின் ஒரே தம்பி.

ஸஜாத்துக்கு இந்த மென்பொருளைக் காட்டிக்கொடுத்ததும் மசூர்தான். மொட்யூல் ஒவ்வொரு பெட்டியையும் ஓயாமல் கூப்பிடும்; மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும்.

"ஒரு வீட்டு வாசல்ல மூணு தரம் சலாம் சொல்லிப் போட்டு, பதில் வராட்டித் திரும்பிப் போறல்லையா, அது மாதிரித்தான்" என்று அவன் விளக்கியபோது ஸஜாத் சிரித்தான்.

"உள்ளுக்க இரிக்கிறவன் தொழுகையில நிண்டா என்ன செய்ற, மச்சான்?"

அந்த வருடம் நோன்பு மாதத்தில் ஏழாம் அறைப் பொத்தானுக்குள் பனி இறங்கி, மணி சும்மா சும்மா அடித்தது. முகாமையாளர் ஏசினார். மசூர் ஏழாம் விலாசத்துக்கு நேரே 'தவிர்' என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம் போட்டான். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தான். பதினொரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் ஸஜாத் பெட்டி எண்ணுவதற்காக உள்ளே போனான். கதவின் உள்பிடி பனியில் இறுகியிருந்தது. அவன் எத்தனை தரம் பொத்தானை அழுத்தினானோ, மணி அடிக்கவில்லை. விசாரணைக்கு ஆட்கள் வருமுன்னர் மசூர் அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டான். பொத்தான் பனியில் செத்துப்போயிருந்தது என்று எழுதிக்கொடுத்தான். அந்த மென்பொருளை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை.

"சோறு கொண்டந்திரிக்கன். ஆறப்போடாம தின்னுங்க."

மசூர் துள்ளிப்போனான். சுல்பிகா கதவடியில் நின்றாள். கையில் சோற்றுப் பை, தோளில் சிறிய கைப்பை. திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன ஆணம்?"

"பாரை மீன். இஞ்ச பாருங்க, அந்த அறைய இண்டைக்குத் திறந்திரிக்காமே? நஸீர் காக்கா கேற்றில சொன்னார்."

"டெஸ்ட்டுக்குக் குளிர ஏத்தி வெச்சிரிக்கி. இனி அதுக்கென்ன?"

"எனக்கு ஒருக்காக் காட்டுங்களன். ரெண்டு வருசமாக் கேக்கிறன். அவன அடக்கின கபுறடிக்குப் பொம்புளையள விடமாட்டீங்க. அவன் மௌத்தான இடத்திலயாவது ஒரு யாசீன் ஓதிட்டுப் போறனே."

"இண்டைக்கு ஏலா. பிறகு பாப்பம்."

"உங்கட பிறகு எப்ப வரும் எண்டு அல்லாஹ்தான் அறிவான்." அவள் சோற்றுப் பையை மேசை ஓரத்தில் வைத்தாள். "அந்தக் கொம்பியூட்டரப் பாக்கிற கண்ணால என்னையும் ஒருக்காப் பாருங்க, மனிசன். சரி, நான் போறன். உம்மாட்டயும் ஒருக்காப் போகணும்."

அவன் திரும்பவில்லை. திரும்பினால் அவள் திரையைக் கண்டுவிடுவாள். அவளுடைய செருப்புச் சத்தம் நடையில் இறங்கி, கம்பிரசர் இரைச்சலில் கரைந்தது. எந்தப் பக்கம் கரைந்தது என்று அவன் கவனிக்கவில்லை.

பிறகுதான் மணி அடித்தது.

விலாசம் ஏழு. அழுத்தம்: ஒன்று.

மேசையில் கிடந்த பெட்டியைப் பார்த்தான். உறை அப்படியே இருந்தது. அதற்கு வயர் இல்லை, மின்சாரம் இல்லை.

இரண்டு. மூன்று. நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது. நான்கு, ஐந்து, ஆறு. மும்மூன்றாக. வாசலில் நின்று சலாம் சொல்கிறவனைப் போல.

நடையின் கோடியிலிருந்து இன்னொரு சத்தமும் வந்தது. தடித்த கதவுக்கு அப்பால், உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். மந்தமாக. ஈரச் சாக்கை அடிப்பதுபோல.

மசூர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் நெருக்கினான்.

"மச்சான்" என்றான் திரையிடம். "உட்டுடு, மச்சான். நான் வேணுமெண்டு செய்யல்ல."

பன்னிரண்டு. பதினைந்து. பதினெட்டு.

கணினி மவுஸைப் பிடித்தான். ஏழாம் விலாசம். 'தவிர்'. சரி அடையாளம்.

மணி நின்றது.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

சோற்றுப் பையைத் தொடாமல், நடையின் அந்தப் பக்கம் பாராமல், பின்கதவால் வெளியேறி மோட்டார் சைக்கிளை உதைத்தான். ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கம் அவன் காதில் ஏறவில்லை. தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது காவலாளி நஸீர் காக்கா பக்கத்தில் நின்றார். மசூர் அவருடைய முழங்கையைப் பிடித்தான்.

"ஏழாம் அறையில சத்தம் கேட்டா அந்தப் பக்கம் போகாதீங்க, காக்கா. குழாயில பனி வெடிக்கிது. கதவத் திறந்தா கேஸ் அடிச்சிடும்."

"எனக்கென்ன விசரா, தம்பி? அந்தப் பக்கம் போய் நான் ரெண்டு வருசம்."

வீடு பூட்டியிருந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு நபீஸா எட்டிப் பார்த்து, சுல்பிகா சோறு கொடுத்துவிட்டு அப்படியே மருதமுனைக்கு, உம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள் என்றாள். அவளுடைய தொலைபேசி கட்டிலில் சார்ஜில் கிடந்தது. மறதிக்காரி. மசூர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தான். அந்த உச்சி வெயிலிலும் அவனுக்குப் பல் கிட்டியது.

மூன்று மணிக்கு நஸீர் காக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, கேற்றடிக்கே கேக்குது. பனி வெடிக்கிற மாதிரி இல்ல. ஆள் தட்டுற மாதிரி."

"அது அப்படித்தான் கேக்கும். திறக்காதீங்க."

"ஓம், ஓம். சொன்னாச் சரி."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவரே மறுபடி கூப்பிட்டார்.

"சத்தம் நிண்டிட்டு" என்றார். குரலில் ஆறுதல் இருந்தது. "நீ சொன்னது சரிதான்."

மசூர் எழுந்து முகம் கழுவினான். சத்தம் ஓய்ந்துவிட்டது. இனிப் போய் அந்த அறைக்கு ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, விடியக் கம்பனிக்காரரிடம் மொட்யூல் பழுது என்று சொன்னால் முடிந்தது. சுல்பிகாவுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

அவன் போய்ச் சேரும்போது பொழுது பட்டு, கடற்கரைப் பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். நடையில் மின்விளக்கைப் போட்டான். ஆறு கதவுகள் தாண்டி ஏழாம் கதவுக்கு முன்னால் ஒரு சோடிச் செருப்பு.

பழுப்பு நிறம். இடது வாரில் அவனே தைத்துக் கொடுத்த கறுப்பு நூல். பள்ளிவாசல் படியில் கழற்றுவதுபோல, நுனி இரண்டும் கதவைப் பார்க்க, பக்குவமாகக் கழற்றி வைத்திருந்தது.

அவன் பிடியை இழுத்தான். கதவு பாரமாக வந்தது. கதவோடு சேர்ந்து அவளும் வந்தாள்.

உள்ளே கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். உட்கார்ந்த வாக்கிலேயே, முழங்கால் மடிந்தபடி, கட்டை சரிவதுபோல அவன் பாதங்களின் மேல் சரிந்தாள். உள்ளங்கைகளில் தோல் இல்லை. இமை மயிரில் வெண்பனி. மடியில் யாசீன் புத்தகம் விரிந்து, ஓதி முடித்த பக்கத்தில் உறைந்திருந்தது.

அறைத் தரை முழுவதும் பனி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அவள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக இன்னொருவர் உட்கார்ந்திருக்கக்கூடிய அளவுக்கு, ஒரு இடம் மட்டும் வெறும் சீமெந்தாக இருந்தது. அது இன்னும் ஈரமாக இருந்தது.

மசூர் குனிந்து அவளுடைய தோளைப் பிடித்தான்.

அப்போது அலுவலகத்தில் மணி அடித்தது.

ஏழு அடிக்க முடியாது. ஏழைத் தவிர்த்தது அவன்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். மேசையில் சோற்றுப் பை. பக்கத்தில் உறை பிரிக்காத பெட்டி. திரையில் ஏழுக்கு நேரே அவன் போட்ட சரி அடையாளம். அதற்கு அப்பால் அழுத்தம்: நாலாயிரத்து நூற்றுப் பதின்மூன்று. நண்பகலிலிருந்து அஸர் வரை, இடைவிடாமல்.

அதற்குக் கீழே ஒரு புது வரி. அவன் எழுதாத வரி. அங்கே எட்டாம் அறையே கிடையாது.

விலாசம் எட்டு. இருக்கிறது.

அழுத்தம்: ஒன்று.

இரண்டு.

மூன்று.